அச்சு வார்த்த சராசரிப் பாதம்

ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போகும் ஓர் ஆண், தன் பாதம் அதிக அகலமும் இல்லை, அதிக ஒடுக்கமும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி அடைகிறார். அவருக்கென்று ஒரு வரிசையே காத்திருக்கிறது: அகலம் 100 மில்லிமீட்டர், பருமன் நடுத்தரம் என்று குறித்த பூட்ஸ்கள். ஒடுங்கிய பாதக்காரர் 97, 98 என்று தேட வேண்டும்; அகன்ற பாதக்காரர் 102, 104 என்று தேட வேண்டும்; நடுவில் நிற்பவருக்குத் தேடலே தேவையில்லை என்பது கடைத்தெருவின் பொது நம்பிக்கை. இந்த நம்பிக்கை பிழையானது என்பதும், பிழையின் வேர் பனிச்சறுக்கு பூட்ஸின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதும் என் வாதம். சராசரிப் பருமன் கொண்ட பாதம் என்ற வகையை மனித உடலை ஆராய்ந்து யாரும் கண்டெடுக்கவில்லை. 1960களில் தோல் போய்ப் பிளாஸ்டிக் வந்தபோது, விலை உயர்ந்த வார்ப்பு அச்சுகளை எவ்வளவு குறைவாகச் செய்து எவ்வளவு பேருக்கு விற்க முடியும் என்ற கணக்கில் பிறந்த வகை அது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் பூட்ஸ் தைத்தவருக்கும் அப்படி ஒரு பாதம் தேவைப்படவில்லை, அணிந்தவருக்கும் தேவைப்படவில்லை.

பனியில் சறுக்கும் பலகை பல ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. அதற்கென்றே செய்த இறுகிய காலணி நேற்று வந்தது. வட ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் அணிந்தது மூக்கு மேல்நோக்கி வளைந்த மென்தோல் பாதணி. பலகையில் கட்டிய வாருக்குள் பாதத்தை நுழைத்தால் வளைந்த மூக்கு வாரில் மாட்டிக்கொள்ளும், குதிகால் தாராளமாக மேலே எழும். பாதணிக்குள் உலர்ந்த கோரைப்புல்லைத் திணித்துக்கொள்வார்கள். குளிரைத் தடுத்ததும் அந்தப் புல்தான், பாதத்துக்கும் தோலுக்கும் நடுவே இருந்த இடைவெளியை ஒவ்வொருவர் காலுக்கும் ஏற்ப நிரப்பியதும் அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் நார்வேயின் டெலிமார்க் பகுதியில், மோர்கெடால் ஊர்க்காரரான சோன்ட்ரெ நூர்ஹெய்ம் முறுக்கிய மிலாறுகளால் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். 1894-இல் ஃபிரிட்ஸ் ஹூயிட்ஃபெல்ட் விரல்பகுதியை இரும்புக் காதுகளால் பிடித்தார். இவை எல்லாவற்றிலும் குதிகால் எழும்பவே செய்தது. நல்ல குளிர்காலக் காலணி ஒன்று இருந்தால் போதும், அது சற்றுத் தளர்வாக இருந்தாலும் நடந்துவிடும். நிலைமையை மாற்றியவை ஆல்ப்ஸ் மலைச் சரிவுகள். சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1926-இல் பலகையின் ஓரங்களில் எஃகுப் பட்டை பதித்தார். சுவிட்சர்லாந்தின் கீடோ ரோய்கே 1929-இல் காந்தஹார் என்ற கம்பிவடப் பிணைப்பைக் கொண்டுவந்து குதிகாலைக் கீழே இழுத்துக் கட்டினார். எஃகு ஓரம் உறைபனியைக் கடிக்க வேண்டுமென்றால் முழங்காலின் சாய்வு பாதம் வழியாகப் பலகைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் பூட்ஸ் தளர்ந்திருந்தால் அந்தச் சாய்வு வழியிலேயே தொலைந்துவிடும். பொருத்தம் என்ற கேள்வி எழுந்தது அப்போதுதான்.

அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொன்னவர்கள் மலையூர்களின் காலணித் தொழிலாளர்கள். வெனிஸுக்கு வடமேற்கே மான்டெல்லோ குன்றை ஒட்டியிருக்கும் மான்டெபெல்லூனா, உழவர்களுக்கும் மரம் வெட்டுவோருக்கும் மலையேறுவோருக்கும் கனத்த பூட்ஸ் தைத்து வளர்ந்த ஊர். டோலோமைட் 1897-இலும் நார்டிகா 1939-இலும் அந்த வட்டாரத்தில் தொடங்கின. ஆஸ்திரியாவின் லெக் ஊரில் ஸ்ட்ரோல்ட்ஸ் குடும்பம் 1921 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. பவேரியாவிலிருந்து அமெரிக்கா போன பீட்டர் லிம்மர் அங்கே கைத்தையல் பனிச்சறுக்கு பூட்ஸுக்குப் பெயர் பெற்றார். அளவெடுத்துத் தைக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாதத்தைத் தாளில் ஊன்றச் சொல்லிச் சுற்றிக் கோடு வரைவார்கள். விரல்மூட்டு, புறங்கால், குதிகால் முதல் புறங்கால் வளைவு வரை என்று பல இடங்களில் நாடாவால் சுற்றளவு எடுப்பார்கள். பிறகு மரக்கட்டையில் எங்கே மேடு தேவையோ அங்கே தோல் துண்டுகளை ஒட்டி அந்த மனிதரின் பாதத்தை உருவாக்கி, அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பார்கள். இவ்வளவு செலவு செய்ய முடியாமல் கடையில் ஆயத்தமாக வாங்கியவருக்கும் ஓர் அனுகூலம் இருந்தது. தோல் நனைந்து உலர்ந்து, இழுபட்டு, சில வாரங்களில் அவருடைய பாதத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பாதம் எப்படி இருந்தாலும் பூட்ஸ் அதன் வழிக்கு வரும் என்பதால், எது சராசரி என்று முன்கூட்டியே முடிவு செய்யும் அவசியம் தொழிலுக்கு ஏற்படவில்லை. 1950-இல் ஆஸ்பென் உலகப் போட்டியில் இத்தாலியின் ஜீனோ கோலோ இறக்கப் பந்தயத்திலும் பெருஞ்சறுக்கிலும் (ஜயன்ட் ஸ்லாலம்) தங்கம் வென்றது இத்தகைய தோல் பூட்ஸில்தான்.

தோல் காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவதாக இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்த மறுப்பு நியாயமானது. பாதத்தின் வழிக்கு வந்த தோல் அங்கேயே நிற்கவில்லை. இன்னும் இளகி, ஈரம் குடித்து, பக்கவாட்டில் தொய்ந்து, பந்தய வீரருக்குச் சீக்கிரத்திலேயே பயனற்றுப்போனது. விறைத்த விரல்களோடு உள்ளே ஒரு நாடா, வெளியே ஒரு நாடா என்று இரட்டைக் கட்டு போட்டு இறுக்குவது காலை வேளையின் பெரும்பாடு. 1955-ஐ ஒட்டிச் சுவிட்சர்லாந்தின் ஹென்கே நிறுவனம் நாடாவை ஒதுக்கி உலோகக் கொக்கிகளைக் கொண்டுவந்தது; இறுக்குவது எளிதாயிற்று, தோலின் தொய்வு மட்டும் அப்படியே இருந்தது. கணுக்காலைத் தாங்க முடியாத தாழ்ந்த தோல் பூட்ஸோடு விழுந்தவர்களுக்குக் கணுக்கால் முறிவு வாடிக்கையான காயம். ஆகவே தோலைக் கைவிட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. பாதத்துக்குப் பூட்ஸ் இணங்குவது என்ற ஏற்பாடு தோலோடு சேர்ந்து போய்விட்டது; அதற்குப் பதிலாக என்ன வந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், உயர்ந்த மலைகள் இல்லாத டபியூக் நகரில் பிளாஸ்டிக் தொழில் நடத்திய பாப் லாங்கே. முதலில் தோல் பூட்ஸைக் கண்ணாடி இழையால் வலுப்படுத்திப் பார்த்தார். பிறகு தோலே இல்லாத பூட்ஸ் செய்ய முனைந்தார். 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த அவருடைய முதல் பிளாஸ்டிக் பூட்ஸில் நாடாதான் இருந்தது, பிளாஸ்டிக்கும் கடுங்குளிரைத் தாங்காத வகை. அந்தப் பத்தாண்டின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தின் பாலியூரித்தேனுக்கு மாறி, கொக்கிகளையும் பொருத்தியபோது பந்தய உலகம் திரும்பிப் பார்த்தது. 1966-இல் சிலியின் போர்ட்டிலோ உலகப் போட்டியில் கனடிய வீரர்கள் அதை அணிந்தார்கள். 1970களின் தொடக்கத்துக்குள் பந்தயத்தில் தோலின் காலம் முடிந்துவிட்டது. முழங்காலை ஒரு விரற்கடை சாய்த்தால் பலகையின் ஓரம் உடனே பதிலளித்தது. எந்தத் தோல் பூட்ஸும் அதைச் செய்ததில்லை. அதே சமயம் அந்தப் பிளாஸ்டிக் ஓட்டின் மேல்விளிம்பு கணைக்காலின் முன்னெலும்பில் மோதி உண்டாக்கிய வலி, லாங்கேயின் பெயராலேயே அழைக்கப்படும் அளவுக்குப் பரவலாயிற்று. இந்த வலியை ஒரு பொருளின் தொடக்ககாலக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். தோல் தன் வடிவத்தை விட்டுக்கொடுத்தது, பாலியூரித்தேன் விட்டுக்கொடுக்கவில்லை. யாருடைய பாதத்தை வைத்து அச்சு செய்தார்களோ அவருடைய பாதம்தான் அதற்குத் தெரியும். மற்றவர்கள் வேறுபடும் இடங்களில் எல்லாம் வலித்தது.

மான்டெபெல்லூனா இந்த மாற்றத்தை மிக விரைவாக உள்வாங்கியது. 1960களின் இறுதியில் அங்குள்ள பட்டறைகள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தும் இயந்திரங்களுக்கு மாறின. அடுத்து வந்த ஆண்டுகளில் உலகில் விற்ற பனிச்சறுக்கு பூட்ஸின் பெரும்பகுதி அந்த வட்டாரத்திலிருந்தே போனது. தையற்காரர் வேறு பாதத்துக்கு மாறுவதென்றால் கட்டையில் ஒரு தோல் துண்டைக் கூட்டினால் போதும். உலோக அச்சில் அது நடக்காது. கீழ் ஓடு, மேல் பட்டை, இடது, வலது, ஒவ்வோர் அளவு என்று தனித்தனியாக அச்சுகளைக் கடைந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் பெருஞ்செலவு. அந்தச் செலவைத் தாங்க நிறுவனங்கள் இரண்டு காரியங்கள் செய்தன. ஒரே பாத வடிவத்தை எடுத்துக்கொண்டு அதையே சிறிதாகவும் பெரிதாகவும் ஆக்கி எல்லா அளவுகளையும் உண்டாக்கின. அரை அளவுகளுக்குத் தனி ஓடு செய்வதை விட்டுவிட்டன. இன்றும் 26-க்கும் 26.5-க்கும் ஓடு ஒன்றுதான். வித்தியாசம் இருந்தால் ஓட்டுக்குள் இருக்கும் மென்மையான உள்ளுறையிலோ பாதத்தின் கீழுள்ள அடித்தட்டிலோ இருக்கும். அடிப்படையாக எடுத்த அந்த ஒரு வடிவம் யாருடையது? ஓர் ஆணுடையது. பெண்களுக்கு நெடுங்காலம் விற்றது அந்த ஆண் அச்சின் சிறிய அளவுகளை நிறம் மாற்றித்தான். பெண்களின் கெண்டைத் தசை இன்னும் கீழிருந்தே தொடங்குவதால் பூட்ஸின் மேல்விளிம்பு தசையைக் கவ்வும் என்பது தொழிலுக்கு மிகத் தாமதமாகவே உறைத்தது.

இந்த ஒற்றை வடிவம் போதாது என்பதற்கு வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை. தொழிலே அடுத்த 20 ஆண்டுகள் அதற்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தது. ஓட்டுக்குள் வைத்த காலைச் சுற்றி இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, அவை நுரைத்து இறுகும்வரை ஆடாமல் நிற்கச் சொல்லும் நுரைவார்ப்பு முறை 1970-ஐ ஒட்டிப் பரவியது. சால்ட் லேக் சிட்டியின் மெல் டேல்பௌட் மக்னீசியத்தில் ஓடு வார்த்து, உள்ளே இப்படி நுரை நிரப்பினார். வேறு சிலர் பசைபோல் நகரும் பொருளைப் பைகளில் அடைத்து உள்ளுறையில் வைத்தார்கள், சிலர் சூடாக்கினால் இளகும் மெழுகுக் கலவையை நம்பினார்கள். ஆஸ்திரேலியரான ஸ்வென் கூமர் நார்டிகாவுக்காக வேலை செய்தபோது, உள்ளுறையையே கழற்றி மாட்டக்கூடிய தனி உறுப்பாக வடிவமைப்பதிலும், பிறகு பாதத்தின் அடியைத் தாங்கும் அடித்தட்டிலும் கவனம் செலுத்தினார். இவர்களிலேயே சரியான இடத்தில் கை வைத்தவர் அவர் என்று நினைக்கிறேன். எடை தாங்கும்போது உள்வளைவு சரிந்து பாதம் நீள்கிறது, அகல்கிறது. அதைத் தடுத்து நிறுத்தினால் ஓட்டுக்குள் பாதத்துக்கு நிலையான ஒரு வடிவம் கிடைக்கிறது. ஆயினும் எல்லாரும் செய்தது அடிப்படையில் ஒரே வேலை. சாமி மக்கள் புல்லால் நிரப்பிய அதே இடைவெளியை, விலை கூடிய பொருள்களால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கம் திறக்கும் பூட்ஸின் கதையை இந்த வாதத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் அது விளங்குகிறது. 1970களின் தொடக்கத்தில் ஹான்சன் சகோதரர்கள் கொலராடோவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிரான்சின் சாலமான் 1979-இல் எஸ்.எக்ஸ். 90 மாதிரியோடு இறங்கியபின் அது பெருவெள்ளமாயிற்று. 1980களின் நடுவில் சந்தையின் பெரும்பங்கு அந்த வகைக்குப் போனது. பின்னால் கதவுபோல் திறக்கும், காலை நுழைக்கலாம், ஒரே நெம்புகோலில் மூடலாம். முன்பக்கம் முழு ஓடு. பாதத்தை அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு கம்பிவடமும் தகடும் இருக்கும். அணிய இவ்வளவு சுகமான பூட்ஸ் அதற்கு முன் வந்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பந்தய வீரர்கள் ஏற்கவில்லை, மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கைவிட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பந்தய வீரர்கள் ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அது விடையாகாது. ஒன்றன்மேல் ஒன்று மடியும் நான்கு கொக்கி ஓட்டில், புறங்காலில் ஒரு பல், கணுக்காலில் இரண்டு பல் என்று கொக்கிகளை நகர்த்தி ஓட்டின் பருமனையே ஓரளவு கூட்டிக் குறைக்கலாம். பின்திறப்பு ஓட்டின் பருமன் அச்சில் வார்த்ததோடு முடிந்தது. உள்ளே இருந்த கம்பிவடம் ஓட்டைச் சுருக்கவில்லை, பாதத்தைத்தான் ஓரிடத்தில் அமுக்கியது. சராசரிப் பாதத்தை மிக முழுமையாக நம்பிய வடிவமைப்பு அதுதான். வீழ்ந்ததும் அந்த நம்பிக்கையால்தான் என்பது என் கணிப்பு.

எண்களின் கதையும் இதே திசையில் போகிறது. பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு மான்டோபாயிண்ட் முறையில் குறிக்கப்படுகிறது, 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதத்துக்கு உரியது என்று பொருள். காலணியின் நீளத்தைச் சொல்லாமல் பாதத்தின் நீளத்தைச் சொல்லும் நேர்மையான முறை இது. சர்வதேசத் தர வரையறையில் இந்த முறைக்கு இரண்டு எண்கள் உண்டு, பாதத்தின் நீளமும் அகலமும். பூட்ஸ் வணிகம் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. அகலம் பின்னாளில் விளம்பர எண்ணாகத் திரும்பி வந்தது, அதுவும் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் அளந்து. பெட்டியில் 100 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அது வழக்கமாக 26.5 அளவு ஓட்டின் அகலம். ஓர் அளவு கூடினால் சுமார் 2 மில்லிமீட்டர் கூடும், குறைந்தால் அவ்வளவு குறையும். ஆகவே 29.5 அணிபவர் வாங்கும் 100 என்ற பூட்ஸ் உண்மையில் 100 அல்ல, 24.5 அணிபவருடையதும் அல்ல. அந்த எண்ணும் விரல்மூட்டுப் பகுதியின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. புறங்காலின் உயரம், குதிகாலின் ஒடுக்கம், கணுவெலும்பு துருத்தும் இடம், கெண்டைக்காலின் சுற்றளவு ஆகிய நான்கைப் பற்றியும் அது வாய் திறப்பதில்லை. விறைப்பைக் குறிக்கும் 100, 110, 120 போன்ற எண்களுக்கோ நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. ஒருவரின் 110 இன்னொருவரின் 120-ஐ விட விறைப்பாக இருக்கலாம்.

சராசரி என்பது வெறும் கற்பனையா, பெரும்பாலான ஆண்களின் பாதம் உண்மையில் நடுவில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இது வலுவான மறுப்பு. ஒரே ஓர் அளவை மட்டும் எடுத்தால் அது சரியும்கூட: பாதத்தின் அகலத்தை மட்டும் அளந்தால் பெரும்பான்மையோர் நடுவில் குவிவார்கள். சிக்கல், அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது தொடங்குகிறது. அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் 1950-இல் 4,063 விமானிகளின் உடலளவுகளை இப்படித்தான் சேர்த்துப் பார்த்தார். உயரம், மார்பு, கை நீளம் முதலிய 10 அளவுகளில் ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள 30 விழுக்காட்டினரைச் சராசரி என்று தாராளமாக வைத்துக்கொண்டார். 10 அளவுகளிலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. விமானி இருக்கையைச் சராசரி மனிதருக்காகச் செய்தால் அது யாருக்கும் பொருந்தாது என்பது அவர் கண்ட முடிவு. இருக்கையும் மிதிகளும் நகர்த்தக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று விமானப்படை அதன்பிறகு வலியுறுத்தியது. பாதத்துக்கும் இதே கணக்குதான். 100 மில்லிமீட்டர் அகலம் கொண்ட இரண்டு ஆண்களில் ஒருவருக்குப் புறங்கால் உயர்ந்து, கொக்கி மாட்டிய 10 நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். மற்றவருக்கு அது தட்டையாக இருந்து, குதிகால் உள்ளே மேலும் கீழும் ஏறி இறங்கும். இருவரும் நடுத்தரப் பருமன் என்ற பெயரில் ஒரே பெட்டியை வாங்கியிருப்பார்கள். ஒடுங்கிய பாதமும் அகன்ற பாதமும் உள்ளவர்கள் தங்களுக்குத் தொல்லை உண்டு என்று தெரிந்து எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அந்த எச்சரிக்கை கிடைக்காமல் ஏமாறுபவர் நடுவில் இருப்பவரே.

இப்போதெல்லாம் ஓட்டையே சூடாக்கிப் பாதத்துக்கு ஏற்ப வடித்துவிடுகிறார்களே, பழைய அச்சின் குறையை இன்னும் ஏன் பேச வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சூட்டில் இளகும் உள்ளுறைகளும் ஓடுகளும் பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. தையற்காரர் கட்டையில் தோல் ஒட்டியதற்கு நெருக்கமான ஏற்பாடு அரை நூற்றாண்டுக்குப் பிறகு திரும்ப வந்திருக்கிறது. ஆனால் சூடு சில மில்லிமீட்டர் இடத்தை விரிக்கும். பெரிய ஓட்டைச் சிறிதாக்காது. கடையில் சுகமாக இருக்கிறது என்று ஓர் அளவு கூட வாங்கிய பூட்ஸில் உள்ளுறை சில நாள்களில் அமுங்கிவிடும், அப்போது தெரியும் தளர்வை எந்த அடுப்பும் சரிசெய்யாது. இதற்குக் கொடுக்கும் விலை ஒரு சுகக்குறைவு மட்டும் என்றால் விட்டுவிடலாம். உள்ளே பாதம் நகர்கிறவர் கொக்கிகளை மேலும் மேலும் இறுக்குகிறார், இரத்த ஓட்டம் குறைகிறது, கால் குளிர்கிறது. பலகை தன் பேச்சைக் கேட்காததால் உடலைப் பின்னால் சாய்த்து நிற்கிறார். வெர்மான்ட் மாநிலத்தின் சுகர்புஷ் மலையில் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1972 முதல் பல பத்தாண்டுகள் காயங்களைப் பதிவு செய்துவந்தார்கள். விழும்போது காலை விடுவிக்கும் பிணைப்புகள் மேம்பட மேம்பட முழங்காலுக்குக் கீழான எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்கால் மூட்டின் முன்சிலுவைத் தசைநார் அறுபடுவதோ 1990கள் வரை ஏறிக்கொண்டே போனது. உடல் பின்சாய்ந்து, பலகையின் வால் பகுதியில் எடை விழும் நிலை அந்தக் காயத்துக்கு இட்டுச்செல்லும் நிலைகளில் ஒன்று. எல்லாப் பழியையும் பூட்ஸின் மேல் போட முடியாது. ஆனாலும் பின்சாய்வுக்குத் தூண்டும் காரணங்களில் தளர்ந்த பூட்ஸும் ஒன்று என்பதைப் பனிச்சறுக்கு கற்பிக்கும் எவரும் மறுக்கமாட்டார்கள்.

கடைகள் எண்களே இல்லாமல் நடக்க முடியாது என்பதும் உண்மை. எங்கிருந்தாவது தொடங்கித்தான் ஆக வேண்டும். தொடங்குவதற்கு 100 மில்லிமீட்டர் ஒரு நல்ல இடம். அங்கேயே நின்றுவிடுவதுதான் கூடாது. நல்ல பொருத்துநர்கள் இன்றும் செய்யும் சோதனை எளியது, தோல் காலத்துத் தையற்காரருக்கும் புரியக்கூடியது. உள்ளுறையைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்னால் தொடும்படி நிற்பது. குதிகாலுக்கும் ஓட்டின் பின்சுவருக்கும் இடையே 1.5 முதல் 2 சென்டிமீட்டர் இருந்தால் நீளம் சரி, பந்தயம் ஓடுபவருக்கு 1 சென்டிமீட்டர் போதும். பக்கங்களில் எலும்பு ஓட்டில் உரசுகிறதா என்று பார்ப்பது அடுத்தது. பிறகு அடித்தட்டு, புறங்கால், குதிகால், கெண்டைக்கால். கொக்கி மாட்டி நிமிர்ந்து நிற்கும்போது விரல்கள் முன்சுவரைத் தொட வேண்டும், முழங்காலை வளைத்தால் பின்வாங்க வேண்டும். இதைச் செய்ய அரைமணி நேரமாவது ஆகும். பெட்டியின் எண்ணைப் படித்து எடுத்துவர ஒரு நிமிடம் போதும், அதனால்தான் எண் வெல்கிறது.

சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் கனடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியின் பனிச்சறுக்கு முகாம்களுக்குப் போகிறார்கள், அவர்கள் வழியாகப் பெற்றோரும் இந்தக் கடைகளுக்குள் முதல்முறையாக நுழைகிறார்கள். வாடகை பூட்ஸ் என்றாலும் சரி, சொந்தமாக வாங்குவது என்றாலும் சரி, உங்கள் பாதம் நடுத்தரம் என்று யாராவது சொன்னால் அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளுறையைக் கழற்றி வெறும் ஓட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.